மைக்கேல் மேன்லியின் எட்டு ஆண்டுகளை எந்த அளவுகோலால் அளப்பது?

வரலாற்று மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கரீபியன் தீவுகளின் விடுதலைக்குப் பிந்தைய அரசியலைச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். திரினிடாடின் எரிக் வில்லியம்ஸ், பார்படோஸின் எரல் பாரோ ஆகியோரைப் படித்தபோது ஓரளவு தெளிவான சித்திரம் மனத்தில் பதிந்தது. ஜமைக்காவின் மைக்கேல் மேன்லியிடம் வந்து சேர்ந்தபோதுதான் தடுமாறிவிட்டேன். ஒரு சாரார் அவரை, நன்றாக வளர்ந்துகொண்டிருந்த பொருளாதாரத்தை எட்டே ஆண்டுகளில் குலைத்தவர் என்று எழுதுகிறார்கள். இன்னொரு சாரார், கரும்புத் தோட்டத்துக் கூலியையும் வீட்டு வேலைக்காரப் பெண்ணையும் முதன்முதலாக மனிதராக நடத்திய பிரதமர் என்று போற்றுகிறார்கள். இரண்டு பக்கத்தாரும் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை என்பதே என் சிக்கல்.

தேர்தல் எண்களைப் பார்த்தால் குழப்பம் கூடுகிறது. 1972-ல் அவருடைய மக்கள் தேசியக் கட்சி 53 இடங்களில் 37-ஐ வென்றது. 1976-ல் 60 இடங்களில் 47. 1980-ல் அதே 60-ல் வெறும் 9. 1989-ல் மீண்டும் 45. ஒரே நாடு, ஒரே தலைவர். மக்கள் 1980-ல் எதற்காக அவரைத் தண்டித்தார்கள், 1989-ல் எதற்காகத் திரும்ப அழைத்தார்கள்? முதல் ஆட்சிக் காலத்தை எந்த அளவுகோலால் அளப்பது நியாயம்? படித்தறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

சங்கப் பணியாளர் எழுதியது:

சகோதரி, மேன்லியை 1972-லிருந்து படிக்கத் தொடங்கினால் அவர் பிடிபட மாட்டார். இருபது ஆண்டுகள் பின்னால் போய்த் தொடங்க வேண்டும்.

அவர் 1924 டிசம்பர் 10 அன்று, ஜமைக்காவின் மிகப் பெயர்பெற்ற குடும்பத்தில் பிறந்தவர். தந்தை நார்மன் மேன்லி தலைசிறந்த வழக்கறிஞர்; 1938-ல் மக்கள் தேசியக் கட்சியை நிறுவியவர். தாய் எட்னா மேன்லி சிற்பி. எதிர்க்கட்சியான ஜமைக்கா தொழிலாளர் கட்சியைத் தொடங்கிய அலெக்சாண்டர் புஸ்தமாந்தே, நார்மனுக்கு நெருங்கிய உறவினர். ஒரு தீவின் இரு பெருங்கட்சிகளும் ஒரே குடும்பத்துக்குள்ளிருந்து கிளைத்தவை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மைக்கேல் இரண்டாம் உலகப் போரில் கனடா விமானப் படையில் சேர்ந்தார். பிறகு லண்டன் பொருளியல் பள்ளியில் சோசலிசச் சிந்தனையாளர் ஹெரால்டு லாஸ்கியின் வகுப்புகளில் அமர்ந்தார். சிறிது காலம் பி.பி.சி.யில் பணியாற்றினார். 1951-ன் இறுதியில் ஊர் திரும்பினார். அப்படிப்பட்ட பின்புலம் கொண்டவர் நேராகச் சட்டமன்றத்துக்குள் நுழைந்திருக்கலாம். அவரோ தேசியத் தொழிலாளர் சங்கத்தில் அமைப்பாளராகச் சேர்ந்தார்.

அந்தச் சங்கம் பிறந்த சூழலும் முக்கியம். 1952-ல் கட்சி தன் இடதுசாரி அணியை வெளியேற்றியது. அவர்களோடு தொழிற்சங்கமும் கைவிட்டுப் போனது. எனவே புதிதாக ஒரு சங்கத்தை அடியிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. மேன்லி முதலில் கரும்புத் தோட்டங்களிலும், பிறகு அலுமினியத்தின் தாதுவான பாக்சைட் சுரங்கங்களிலும் ஆட்களைத் திரட்டினார். புஸ்தமாந்தேயின் சங்கம் வேரூன்றியிருந்த தோட்டங்களில் போய், கரும்பு வெட்டும் ஒருவரிடம் சங்கச் சந்தாவைக் கேட்பது எளிய வேலையன்று. ஆங்கிலேயரின் பள்ளிப் பேச்சோடு வந்த ஒருவர், மேட்டில் நின்று நூறு பேரைக் கட்டிப் போடும் பேச்சாளராக மாறியது அங்கேதான். தொழிற்சங்கத்தில் இருபது ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: பேரம் பேசும் மேசையில் எதிரில் இருப்பவரின் கணக்கைப் படிக்கக் கற்றவர், அந்தப் பழக்கத்தைப் பிறகு விடுவதேயில்லை. 1974-ல் பாக்சைட் நிறுவனங்களின் எதிரில் அமர்ந்த பிரதமர், அந்த நிறுவனங்களின் கூலிக் கணக்கை ஏற்கெனவே பல முறை புரட்டிப் பார்த்தவர்.

1964-ல் நடந்ததையும் சொல்ல வேண்டும். அரசுக்குச் சொந்தமான ஜமைக்கா ஒலிபரப்புக் கழகம் இரண்டு செய்திப் பணியாளர்களை வேலையிலிருந்து நீக்கியது. வேலைநிறுத்தம் 97 நாட்கள் நீடித்தது. மேன்லி ஊழியர்களோடு சாலையில் படுத்து மறித்தார். அந்தக் கட்டடத்தைக் காட்டி, இவை எரிகோவின் மதில்கள் என்ற பொருளில் பேசினார். விவிலியத்தை வரிக்கு வரி அறிந்த மக்கள், அந்த மதில்களை வீழ்த்திய தலைவனின் பெயரால் அவருக்கு அன்றே யோசுவா என்று பெயர் வைத்துவிட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து எத்தியோப்பியாவுக்குச் சென்றபோது பேரரசர் ஹைலே செலாசி அவருக்கு ஒரு கைத்தடியைக் கொடுத்தார். ஜமைக்காவில் தோன்றிய ராஸ்தஃபாரி சமயத்தினர் தெய்வமாக வணங்குபவரின் கையிலிருந்து வந்த கோல் அது. 1972 பிரசாரக் கூட்டங்களில் அவர் அதை உயர்த்திக் காட்டியபோது, அதைத் தொட்டுப் பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது. இந்த எதிர்பார்ப்பின் எடையை உணராமல் 1980-ன் ஏமாற்றத்தின் ஆழத்தை உணர முடியாது.

செலாவணி எழுதியது:

மேலே எழுதிய ஐயாவின் விவரங்கள் சரியானவை. ஆனால் பேரம் பேசுவதில் வல்லவர் என்பதால் மட்டும் ஒருவர் நாட்டின் கணக்கை நன்றாக நடத்திவிடுவார் என்று கொள்ள முடியாது. என் மதிப்பீடு சற்றுக் கடுமையானது.

முதலில் அவருக்குச் சேர வேண்டிய பெருமையைச் சொல்லிவிடுகிறேன். பாக்சைட் வரி அந்தக் காலத்தின் மிகக் கூர்மையான பொருளாதார முடிவுகளில் ஒன்று. கனடா, அமெரிக்க நிறுவனங்கள் ஜமைக்காவின் சிவப்பு மண்ணைத் தோண்டித் தங்கள் சொந்தக் கிளை ஆலைகளுக்கே அனுப்பி வந்தன. வாங்குபவரும் விற்பவரும் ஒருவரே என்றால் விலையை எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். இலாபத்தைக் குறைத்துக் காட்டலாம். வரியும் அதற்கேற்பச் சுருங்கும். 1974-ல் மேன்லி இந்த முடிச்சை ஒரே வெட்டில் அவிழ்த்தார். மண்ணுக்கு நிறுவனம் எழுதும் விலையைப் பார்க்காமல், அந்த மண்ணிலிருந்து கடைசியில் உருவாகும் அலுமினியக் கட்டியின் சந்தை விலையில் 7.5 விழுக்காட்டை வரியாகக் கட்டச் சொன்னார். அலுமினியத்தின் விலை உலகறிந்தது; அதை யாரும் மறைக்க முடியாது. அரசுக்கு வந்த வருவாய் ஒரே ஆண்டில் பல மடங்கானது. அதே ஆண்டில் உற்பத்தி நாடுகள் சேர்ந்து அமைத்த பன்னாட்டு பாக்சைட் கழகத்தின் தலைமையகமும் ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் அமைந்தது.

இனி மறுபக்கம். வரி வந்த நேரத்திலேயே எண்ணெய் விலை ஏறிவிட்டது. ஜமைக்கா தன் எரிபொருளில் ஏறத்தாழ முழுவதையும் இறக்குமதி செய்யும் நாடு. பாக்சைட்டை அலுமினா என்னும் இடைநிலைப் பொருளாக்கும் ஆலைகளே எண்ணெயை விழுங்குபவை. 1974-க்குப் பிறகு சர்க்கரை விலையும் சரிந்தது. நிறுவனங்கள் தங்கள் கொள்முதலை வேறு நாடுகளின் பக்கம் திருப்பின. வரியில் வந்த பணம் புதிய உற்பத்தியில் போய் விழுந்திருந்தால் கதை வேறு. அதன் பெரும்பகுதி அன்றாடச் செலவையும் பற்றாக்குறையையும் தாங்கவே போனது. செலவுத் திட்டங்கள் நல்லவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் டாலரில் வாங்க வேண்டியதை உள்ளூர்ப் பணத்தில் வாக்குறுதி கொடுத்தால், ஒரு நாள் கிடங்கு காலியாகும்.

அதோடு சொற்கள் செய்த சேதம். 1974-ல் கட்சி ஜனநாயக சோசலிசத்தை அறிவித்தது. கோடீசுவரராக வேண்டுமென்று விரும்புபவர்களுக்கு மயாமிக்கு நாள்தோறும் ஐந்து விமானங்கள் இருக்கின்றன என்ற பொருளில் மேன்லி பேசினார். அவர் சொன்னதைச் செவிமடுத்தவர்கள் உண்மையிலேயே விமானம் ஏறினார்கள். மருத்துவர்கள், பொறியாளர்கள், ஆலை முதலாளிகள் எனத் தங்கள் சேமிப்போடு போனார்கள். அமெரிக்காவுடனான உறவும் கெட்டது. 1972 டிசம்பரில் பார்படோஸ், கயானா, திரினிடாட் ஆகியவற்றோடு சேர்ந்து கியூபாவை அங்கீகரித்ததை நான் துணிச்சலான நற்செயலாகவே கருதுகிறேன். ஆப்பிரிக்காவின் அங்கோலாவில் கியூபப் படைகள் இறங்கியபோது, நடுநிலையாக இருக்குமாறு அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிஸிஞ்சர் கேட்டதையும், அதே உரையாடலில் 10 கோடி டாலர் வணிகக் கடன் பற்றிய பேச்சு வந்ததையும் மேன்லி தம் நூலில் எழுதியிருக்கிறார். தென்னாப்பிரிக்காவின் இனவெறிப் படைக்கு எதிராக நின்றவர்களின் பக்கம் நிற்பதென்று அவர் முடிவு செய்தார். கடன் வரவில்லை. மனிதராக அவரை மதிக்கிறேன். ஆனால் அந்த முடிவின் விலையைத் தாங்கும் கையிருப்பு நாட்டில் இல்லை.

நான் மன்னிக்க முடியாதது ஒன்றே ஒன்று. 1976 தேர்தலில் நாங்கள் விற்பனைக்கு இல்லை என்று முழங்கியபோதே, பன்னாட்டு நாணய நிதியத்தோடு அரசு பேசிக்கொண்டிருந்தது. வாக்காளர்களுக்கு அது சொல்லப்படவில்லை. 1977 தொடக்கத்தில் நிதியத்தை மறுத்து உரையாற்றினார். பல்கலைக்கழகப் பொருளியலாளர்களைக் கொண்டு மாற்று உற்பத்தித் திட்டம் ஒன்றைத் தயாரிக்கச் செய்தார். சில மாதங்களில் நிதியத்திடமே திரும்பினார். அந்த ஆண்டு டிசம்பரில், கடனுக்கு நிபந்தனையாக நிதியம் வைத்த இலக்கை மிகச் சிறிய வித்தியாசத்தில் தவறவிட்டதற்காகக் கடன் நிறுத்தப்பட்டது. 1978-ல் வந்த ஒப்பந்தம் முன்னதைவிடக் கொடியது: நாணய மதிப்பிறக்கம், மாதந்தோறும் மேலும் சிறிது சிறிதாக இறக்கம், ஊதிய உயர்வுக்குக் கட்டுப்பாடு. அரிசியும் சோப்பும் சமையல் எண்ணெயும் கடைகளில் கிடைக்காமல் போன நாட்கள் அவை. 1980 மார்ச்சில் நிதியத்தோடு உறவை முறித்துக்கொண்டபோது எல்லாம் காலங்கடந்துவிட்டது. சகோதரி கேட்ட முதல் கேள்விக்கு என் விடை இதுதான்: மக்கள் தண்டித்தது சோசலிசத்தையன்று, வெற்று அலமாரியை.

சட்டம் பயில்பவள் எழுதியது:

செலாவணி ஐயா சொன்ன கணக்கில் ஒரு பக்கம் முழுமையாக விடுபட்டிருக்கிறது. பாக்சைட்டைப் பற்றிப் பேசும் யாரும் பிறப்புப் பதிவைப் பற்றிப் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

ஜமைக்காவில் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் திருமணத்துக்கு வெளியே பிறப்பவர்கள். அடிமை முறை குடும்பங்களைக் குடும்பங்களாக வாழவிடாத காலத்திலிருந்தே வரும் நிலை அது. ஆங்கிலேயர் விட்டுச்சென்ற சட்டமோ அந்தப் பெரும்பான்மையையே முறைகேடாகப் பிறந்தவர்கள் என்று முத்திரை குத்தியது. ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். தந்தை உயில் எதுவும் எழுதாமல் இறந்துவிடுகிறார். அவரோடு ஒரே கூரையின் கீழ் இருபது ஆண்டுகள் வளர்ந்து, கடைசி நாட்களில் அவரைத் தூக்கிச் சுமந்த மகன் சொத்துக்கு உரிமை கேட்டுப் போகிறான். அவனுடைய தாய்க்கும் தந்தைக்கும் திருமணம் நடக்கவில்லை என்பதால் சட்டத்தின் கண்ணில் அவன் யாருடைய மகனும் இல்லை. 1976-ல் மேன்லி அரசு கொண்டுவந்த குழந்தைகள் தகுநிலைச் சட்டம் இந்த வேறுபாட்டை ஒழித்தது. பெற்றோர் மணந்தவரா இல்லையா என்பது இனிப் பிள்ளையின் உரிமையைத் தொடாது என்றது. அந்தச் சட்டத்தைத் தெருவில் பாட்டாகவே பாடினார்கள். ஒரு சட்டத்துக்காக மக்கள் பாடுவது எவ்வளவு அரிது!

இதையொட்டி வந்தவற்றையும் சேர்த்துப் பாருங்கள். வாக்களிக்கும் வயது 18 ஆனது. 1975-ல் தேசியக் குறைந்தபட்ச ஊதியமும், ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சட்டமும் வந்தன. சங்கமே இல்லாத வீட்டு வேலைப் பெண்களுக்கு முதலாவது எவ்வளவு பெரிய செய்தி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1976-ல் தேசிய வீட்டு வசதி அறக்கட்டளை தொடங்கியது. தொழிலாளி ஊதியத்தில் 2 விழுக்காடும் முதலாளி 3 விழுக்காடும் செலுத்த, அந்தத் தொகையிலிருந்து வீட்டுக்கடன் கிடைத்தது. 1979-ல் மகப்பேறு விடுப்புச் சட்டம்: 12 வாரம் விடுப்பு, அதில் 8 வாரம் ஊதியத்தோடு. இதற்குக் கட்சியின் பெண்கள் இயக்கமும் அதன் தலைவி பெவர்லி மேன்லியும் கொடுத்த அழுத்தம் பெரிது. அவர் பிரதமரின் மனைவி என்பதால் மட்டும் அந்தப் பெருமையை மறைத்துவிடக் கூடாது. முதியோர் எழுத்தறிவு இயக்கத்தில் வயது முதிர்ந்தவர்கள் தங்கள் பெயரை எழுதக் கற்றார்கள்.

நீங்கள் கேட்ட அளவுகோல் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். 1980-ல் ஜமைக்கா தொழிலாளர் கட்சியின் தலைவர் எட்வர்டு சியாகா பெருவெற்றியோடு வந்தார். மேன்லி செய்ததையெல்லாம் தவறென்று பிரசாரம் செய்தவர் அவர். ஆனாலும் குழந்தைகள் சட்டத்தை அவர் தொடவில்லை. வீட்டு வசதி அறக்கட்டளையைக் கலைக்கவில்லை. குறைந்தபட்ச ஊதியம் நின்றது. மகப்பேறு விடுப்பு நின்றது. மேன்லி நீக்கியிருந்த கல்விக் கட்டணம் மட்டும் பின்னர் வேறு வடிவங்களில் திரும்பி வந்தது. எதிரி ஆட்சிக்கு வந்த பிறகும் அழிக்க மனம் வராதபடி ஒருவர் செய்துவைத்தவை எவை என்று பாருங்கள். அந்தப் பட்டியல் மேன்லிக்கு மிக நீளமானது.

வரலாற்று மாணவி எழுதியது:

மூவருக்கும் நன்றி. சட்டங்களை அடுத்த ஆட்சி விட்டுவைத்ததா என்று பார்க்கும் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் ஒன்றைக் கேட்டாக வேண்டும். நான் படித்த எல்லா நூல்களிலும் துப்பாக்கி இருக்கிறது. 1980 தேர்தல் ஆண்டில் ஏறத்தாழ 800 பேர் கொல்லப்பட்டதாகப் படித்தேன். இதில் மேன்லியின் பங்கு என்ன? இதைத் தவிர்த்துவிட்டு அவரை மதிப்பிடுவது சரியாகத் தோன்றவில்லை.

சங்கப் பணியாளர் எழுதியது:

தவிர்க்கக் கூடாதுதான், சகோதரி. கிங்ஸ்டனின் மேற்குப் பகுதிகளில் வீடும் வேலையும் கட்சிக்காரர்களுக்கே என்ற வழக்கம் மேன்லிக்கு முன்பே வேர்விட்டிருந்தது. 1960-களில் சியாகா அமைச்சராக இருந்தபோது ஒரு குடிசைப் பகுதியை இடித்துவிட்டு எழுப்பிய டிவோலி கார்டன்ஸ் அதன் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. ஆனால் மேன்லியின் ஆட்சியிலும் அவருடைய கட்சிக்குரிய கோட்டைகள் வளர்ந்தன. அவர் அவற்றை உடைக்கவில்லை. எனக்கு அவர்மேல் உள்ள பெரிய வருத்தம் இதுவே.

அவர் கையாண்ட வழிகளும் நல்லவையல்ல. 1974-ல் துப்பாக்கி நீதிமன்றம் ஒன்றை அமைத்தார். உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தவரைக் காலவரையறையின்றி அடைத்துவைக்க அது வழிசெய்தது. ஜமைக்காவின் இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 1975-ல் அந்தத் தண்டனை முறையை அரசியலமைப்புக்கு முரணானது என்று தள்ளியது. 1976 ஜூனில் அவசரநிலையை அறிவித்து எதிர்க்கட்சியினரையும் காவலில் வைத்தார். அதே ஆண்டு டிசம்பர் தேர்தல் அந்த நிழலில்தான் நடந்தது. தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன் ரெக்கே பாடகர் பாப் மார்லி தம் வீட்டிலேயே சுடப்பட்டார். 1978 ஜனவரியில் கிரீன் பே என்னும் இடத்தில் எதிர்க்கட்சி ஆதரவாளர்கள் ஐவரைப் படைவீரர்கள் வரவழைத்துச் சுட்டுக் கொன்றார்கள். பிரதமரின் ஆணை என்று யாரும் நிறுவவில்லை. ஆனால் அவருடைய அரசின் காலத்தில், அவருடைய அரசின் படை செய்தது அது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 1980 அக்டோபர் 30 அன்று தோற்றவுடன் அவர் ஆட்சியைக் கொடுத்துவிட்டு வெளியேறினார். அவர் நாட்டைக் கியூபாவாக்கப் போகிறார் என்று எத்தனையோ ஆண்டுகள் அச்சமூட்டப்பட்டிருந்தது.

செலாவணி எழுதியது:

1989 பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் சேர்க்கிறேன். 1983-ல் கிரனடா தீவின் மீதான அமெரிக்கப் படையெடுப்பின் சூட்டோடு சியாகா அவசரத் தேர்தல் அறிவித்தார். ஒப்புக்கொண்ட தேர்தல் சீர்திருத்தங்கள் முடியவில்லை என்று மேன்லியின் கட்சி புறக்கணித்தது. 60 இடங்களும் ஒரே கட்சிக்குப் போயின. நாடாளுமன்றத்துக்கு வெளியே இருந்த ஆண்டுகளில் மேன்லி நிறையப் படித்தார், எழுதினார். மேற்கிந்தியக் கிரிக்கெட்டின் வரலாற்றைப் பெரிய நூலாகவே எழுதி 1988-ல் வெளியிட்டார். அதற்குள் சியாகாவும் நிதியத்தின் நிபந்தனைகளில் சிக்கி மருத்துவமனைகளுக்கும் பள்ளிகளுக்கும் நிதியைச் சுருக்கியிருந்தார். 1988 செப்டம்பரில் கில்பர்ட் புயல் தீவைக் கிழித்துப் போட்டது. 1989 பிப்ரவரியில் மக்கள் மேன்லியை அழைத்தது பழைய முழக்கங்களுக்காக அன்று. தங்கள் துன்பத்தைப் புரிந்துகொள்பவர் கையில் அந்தக் கசப்பு மருந்து இருக்கட்டும் என்று எண்ணினார்கள் என்றே நினைக்கிறேன்.

அவரும் மருந்தைக் கொடுத்தார். 1991-ல் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகள் நீங்கின. அரசு நிறுவனங்கள் விற்கப்பட்டன. கொள்கையைக் கைவிட்டுவிட்டார் என்று பழைய தோழர்கள் மனம் வருந்தினார்கள். எனக்கு அது கைவிடலாகத் தோன்றவில்லை. 1976-ல் மக்களிடம் சொல்லாமல் செய்ததை இம்முறை சொல்லிவிட்டுச் செய்தார். உடல்நலம் குன்றியதால் 1992 மார்ச்சில் பதவி விலகி, தம் கட்சியின் பி.ஜே. பேட்டர்சனிடம் ஒப்படைத்தார். 1997 மார்ச் 6 அன்று காலமானார். இறுதிச் சடங்குக்கு ஃபிடல் காஸ்ட்ரோ வந்திருந்தார்.

சட்டம் பயில்பவளின் வாதத்தை நான் முதலில் வாசித்தபோது மறுக்க நினைத்தேன். இரண்டு நாட்கள் யோசித்தேன். கையிருப்பு தீர்ந்தால் மீண்டும் சேர்க்கலாம், அந்தப் பிள்ளைக்குத் தந்தையின் பெயர் மறுக்கப்பட்ட ஆண்டுகளைச் சேர்க்க முடியாது. அந்த அளவில் என் மதிப்பீட்டைத் திருத்திக்கொள்கிறேன். தேர்தலுக்கு முன் மறைத்ததைப் பற்றிய என் குற்றச்சாட்டு மட்டும் நிற்கிறது.

சட்டம் பயில்பவள் எழுதியது:

அந்தக் குற்றச்சாட்டை நானும் ஏற்கிறேன், ஐயா.

மாணவிக்கு ஒன்று: 1978 ஏப்ரல் 22 அன்று கிங்ஸ்டனில் நடந்த அமைதிக் கச்சேரியின் படச்சுருளைப் பாருங்கள். பாடிக்கொண்டே பாப் மார்லி மேன்லியையும் சியாகாவையும் மேடைக்கு அழைத்து, இருவரின் கைகளையும் பிடித்துத் தம் தலைக்கு மேல் சேர்த்து உயர்த்துகிறார். இருவரின் முகங்களிலும் தயக்கம் தெளிவாகத் தெரியும். அதற்குப் பிறகும் இரண்டு ஆண்டுகள் துப்பாக்கிகள் ஓயவில்லை. 2023-ல் ஜமைக்கா வெளியிட்ட புதிய 2000 டாலர் தாளில் அந்த இருவரின் முகங்களும் அருகருகே அச்சிடப்பட்டிருக்கின்றன.